குறைந்த செலவில் முதல் டைம் டிரையல் சைக்கிள்: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

டைம் டிரையல் போட்டியில் வீரர்கள் குறித்த இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராக அனுப்பப்படுகிறார்கள். முன்னால் செல்பவரின் முதுகை அண்டி, அவர் விலக்கிய காற்றில் சுகமாகப் போவதற்கு விதி இடம் தருவதில்லை. தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை காற்றைத் தனியாளாகப் பிளந்துகொண்டு போவதே அங்கே வேலை. இந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்களின் விலையைக் கண்டு மலைத்து, ஆசையை அப்படியே கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும், வீட்டில் ஒரு பழைய ரோடு சைக்கிளை (கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட சாலைப் பந்தய சைக்கிள்) வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கைப் பார்த்துவிடுவோம். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, நாம் மிதித்துத் தரும் திறனில் 80 விழுக்காட்டுக்கும் மேல் காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத்தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. சட்டகம், சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்ந்து மீதிப் பங்குக்குத்தான் பொறுப்பு. காற்றை விலக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்வதால், வேகத்தை 10 விழுக்காடு கூட்ட விரும்புகிறவர் காற்றுக்காகத் தரும் திறனை 33 விழுக்காடு கூட்ட வேண்டியிருக்கும். கால்களில் அவ்வளவு வலுவை ஏற்றப் பல ஆண்டுகள் ஆகும். அதே பலனில் ஒரு நல்ல பங்கை, உடலைக் குனிந்து ஒடுக்கி உட்காருவதன் மூலம் சில வாரங்களில் பெற்றுவிடலாம். ஆகவே முதல் செலவு உடலின் இருக்கைநிலைக்கு, கடைசிச் செலவு சட்டகத்துக்கு என்பதே என் வரிசை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசைக்குச் சரித்திரமே சான்று தருகிறது. 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாளில், வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கிலோமீட்டர் டைம் டிரையலைத் தொடங்கும்போது, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபிஞோனைவிட 50 வினாடிகள் பின்தங்கியிருந்தார். முன்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் ஏரோ பாரைப் பொருத்தியிருந்த அவர், வழக்கமான கைப்பிடியோடு ஓட்டிய ஃபிஞோனைவிட 58 வினாடிகள் குறைவாக எடுத்து, முழுப் போட்டியையும் 8 வினாடி வித்தியாசத்தில் வென்றார். அதைவிட என் மனத்துக்கு நெருக்கமானவர் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்குகளையும் சேர்த்துத் தன் கையாலேயே ஒரு சைக்கிளைக் கட்டி, கைகளை மார்புக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளும் புதிய இருக்கைநிலையோடு, 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமர் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். முந்தைய நாள் முயன்று தோற்றவர் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து செய்த காரியம் அது. அந்தச் சைக்கிளின் பலம் விலையில் இல்லை. உடல் எப்படி இருக்கவேண்டும் என்ற தெளிவில்தான் இருந்தது.

அடிப்படைச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்கெனவே ஒரு ரோடு சைக்கிள் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பயன்படுத்திய அலுமினியச் சட்டகம் கொண்ட ஒன்றை வாங்குங்கள். பழைய கார்பன் சட்டகத்தில் உள்ளே விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதால், பழக்கமில்லாத ஒருவர் அதைத் தவிர்ப்பதே நல்லது. அளவைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பொருந்தக்கூடிய இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்கினால் சிறியதையே எடுங்கள். அதன் முன்கழுத்துக் குழாய் குட்டையாக இருப்பதால் கைப்பிடியைத் தாழ்த்த இடம் கிடைக்கும்.

வாங்கும்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்கழுத்துக் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் வண்ணம் சுருங்கியோ மடிந்தோ இருந்தால், அந்தச் சைக்கிள் எதன் மீதோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடலாம். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் ஹெட்செட்டில் (முன்கழுத்துக் குழாயில் கைப்பிடி திரும்ப உதவும் பேரிங்குத் தொகுதி) ஆட்டம் இருக்கிறதா என்பது விரல்களில் தெரியும். பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சங்கிலி, கேபிள், பிரேக் கட்டை ஆகியவை தேய்ந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை எப்படியும் மாற்றவேண்டியவை. ஆனால் இருக்கையைத் தாங்கும் சீட்போஸ்டைத் தளர்த்தி, அது மேலும் கீழும் நகர்கிறதா என்று பணம் தருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வியர்வையும் மழைநீரும் இறங்கி அரித்து, சட்டகத்தோடு ஒட்டிப்போன சீட்போஸ்ட் ஒன்றைக் கழற்ற நான் மூன்று நாட்கள் போராடி, கடைசியில் அதை அறுத்தெடுத்தேன். டைம் டிரையலுக்காக மாற்றப்போகும் முதல் பாகங்களில் ஒன்றே சீட்போஸ்ட் என்னும்போது, அது நகராத சைக்கிளை வாங்குவதில் பயனில்லை.

ஏரோ பாரும் அதன் பிடிமானமும்

இருக்கும் கைப்பிடியின் மேலேயே கவ்வி நிற்கும் வகை ஏரோ பார், இந்த முழு முயற்சியிலும் செலவுக்கு அதிகப் பலன் தரும் ஒரே பொருள். வாங்குவதற்கு முன் உங்கள் கைப்பிடியின் நடுப்பகுதி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். இப்போதைய கைப்பிடிகளில் அது பெரும்பாலும் 31.8 மில்லிமீட்டர், பழைய சைக்கிள்களில் 26 அல்லது 25.4 மில்லிமீட்டராக இருக்கும், அப்போது இடைவெளியை நிரப்பும் உலோக வளையம் தேவைப்படும். மேற்பகுதி தட்டையாக்கப்பட்ட கைப்பிடியில் கவ்வி உட்காராது. கார்பன் கைப்பிடியாக இருந்தால், ஏரோ பார் பொருத்தலாம் என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லியிருந்தாலொழிய அதன் மீது எதையும் கவ்வ வைக்காதீர்கள். அலுமினியக் கைப்பிடி ஒன்றை வாங்கி மாற்றுவது மலிவானது, பாதுகாப்பானதும்கூட.

பொருத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் தவறு நேர்கிறது. என் முதல் ஓட்டத்தில் இருபதாவது நிமிடத்தில் இடது முழங்கைத் தாங்கி முன்பக்கமாகச் சரிந்தது. கைப்பிடியில் ஒட்டியிருந்த விரல் எண்ணெயைத் துடைக்காததும், ஒரு போல்ட்டை முழுவதும் முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட்டதும் என் பிழைகள். இப்போது நான் செய்வது இதுதான். கைப்பிடியில் சுற்றியுள்ள நாடாவைக் கவ்வி வரும் இடம் வரை பிரித்துவிட்டு, அந்தப் பகுதியை ஸ்பிரிட் தோய்த்த துணியால், துணி அழுக்காகாமல் வரும்வரை துடைக்கிறேன். மணல் போன்ற நறநறப்புள்ள பிடிமானப் பசையை மெல்லிதாகத் தடவிக் கவ்வியை வைக்கிறேன். பிறகு போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று மட்டும் முறுக்கி, கவ்வியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கடைசி முறுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், பாகத்தின் மீது பொறித்துள்ள அளவுக்கு மட்டுமே. பெரும்பாலும் அது 5 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். முடிந்ததும் கவ்வியின் விளிம்பையும் கைப்பிடியையும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, இரண்டு முழங்கைகளாலும் முழு எடையைக் கொடுத்து அழுத்துகிறேன். கோடு உடைந்திருந்தால் கவ்வி நகர்ந்திருக்கிறது. வீட்டில் நகர்வது சாலையில் நகர்வதைவிட எவ்வளவோ மேல்.

இருக்கையை முன்னே கொண்டுவருதல்

ஏரோ பாரைப் பொருத்தியவுடன் பலர் கைப்பிடியைத் தாழ்த்திக் குனிந்து பார்க்கிறார்கள். தொடை வயிற்றில் இடித்து, மூச்சு முட்டி, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறார்கள். குறை குனிதலில் இல்லை. ரோடு சைக்கிளின் இருக்கைக் குழாய் சுமார் 73 பாகை சாய்ந்திருக்கும். டைம் டிரையல் சைக்கிளில் அது 76 முதல் 80 பாகை வரை நிமிர்ந்திருக்கும். இடுப்பு முன்னே வரும்போது முதுகைத் தாழ்த்தினாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலான கோணம் குறுகாமல் இருக்கிறது. பெடல் அச்சின் (கிராங்குகள் சுழலும் நடு அச்சு) மையத்திலிருந்து 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கை உள்ள ஒருவர் அதை ஒன்றேகால் சென்டிமீட்டர் முன்னே தள்ளினால் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். ஆக 73இலிருந்து 77க்கு வர 5 சென்டிமீட்டர் வேண்டும்.

இருக்கையை அதன் தண்டவாளத்தில் முன்னே நகர்த்தினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும். மீதியைப் பெறப் புதிய பாகம் வாங்கத் தேவையில்லாமலே ஒரு வழி உண்டு. பின்னோக்கி 2 சென்டிமீட்டர் வளைந்த சீட்போஸ்ட் உங்களிடம் இருந்தால், அதை முன்பின்னாகத் திருப்பிச் செருகுங்கள். ஒரேயடியாக 4 சென்டிமீட்டர் கிடைத்துவிடும். சில சீட்போஸ்டுகளின் கவ்வி, திருப்பிய நிலையில் இருக்கையைச் சமமாக நிறுத்த விடாது என்பதால், செருகிய உடனே மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். இருக்கை முன்னே வரும்போது பெடலுக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைவதை மறக்கக்கூடாது: ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் உயர்த்தவேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, முழங்கால் முன்புறம் வலிக்கிறது என்று வருந்துபவர்கள் பலர்.

இந்த நிலையில் உடல் எடை இடுப்பெலும்பின் முன்பகுதிக்கு மாறுவதால், வழக்கமான இருக்கையின் கூர்மூக்கு உறுத்தத் தொடங்கும். சகித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மரத்துப்போகும் உணர்வு ஓர் எச்சரிக்கை. முன்பகுதி அகன்றோ இரண்டாகப் பிளந்தோ உள்ள குட்டை இருக்கை ஒன்றைப் பயன்படுத்திய நிலையிலாவது தேடி வாங்குங்கள். ஏரோ பாருக்கு அடுத்து நான் கைக்காசு போடச் சொல்வது இதற்குத்தான்.

கைபேசியால் ஒரு சீரமைப்பு

சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியான டிரெய்னரில் ஏற்றி, கைபேசியைப் பெடல் அச்சின் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துக் காணொளி எடுங்கள். அதன் பிறகு நேர் எதிரே வைத்து ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் மேற்கை ஏறத்தாழச் செங்குத்தாக, முழங்கை தோளுக்குச் சற்று முன்னே இருக்கவேண்டும். தாங்கி முன்கையின் மேற்பகுதியில், முழங்கை எலும்புக்குச் சற்று முன்னே அமரவேண்டும். எதிர்ப் படத்தில் பார்க்கவேண்டியது ஒன்றே: தலை தோள்களுக்கு மேலே தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிறதா, அல்லது ஆமையைப் போல உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறதா? தலையைத் தாழ்த்தித் தோள்களைக் காதுகளை நோக்கிக் குறுக்குவதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் அதை இருபது நிமிடம் காக்கப் பயிற்சி வேண்டும்.

தாங்கிகளை முதல் நாளே தாழ்த்தவேண்டாம். உயர்ந்த நிலையில் தொடங்கி, அதில் அரைமணி நேரம் வலியில்லாமல் அழுத்தி மிதிக்க முடிந்த பிறகு, 5 மில்லிமீட்டர் இறக்குங்கள். மூச்சு திணறாமலும் திறன் குறையாமலும் இருக்கும்வரை வாரத்துக்கு ஒருமுறை இதைத் தொடரலாம். குறைந்தபட்ச உயரத்தை அடைவது நோக்கமல்ல. போட்டித் தூரம் முழுவதும் கலையாமல் காக்கக்கூடிய நிலையே வேகமான நிலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து முதுகை நீட்டுபவர் மிகத் தாழ்ந்த நிலையில் சம்பாதித்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிடுகிறார்.

டயர், டியூப், சங்கிலி

பழைய சைக்கிளில் வரும் தடித்த, பஞ்சரைத் தடுக்கும் டயர்களுக்கும் நல்ல பந்தய டயர்களுக்கும் இடையே, ஒரு ஜோடிக்கு 10 வாட்டுக்குக் குறையாத வித்தியாசம் இருக்கக்கூடும். புதிய சக்கரத்தின் விலையில் மிகச் சிறு பங்குக்கு இது கிடைக்கிறது. 25 மில்லிமீட்டர் அகல டயர் போதும். காற்றைக் கல்லாகும்வரை அடிப்பது வேகம் தராது, ஏனெனில் கரடுமுரடான சாலையில் துள்ளும் டயர் ஆற்றலை உடலின் அதிர்வாகச் சிதறடிக்கிறது. லேட்டக்ஸ் டியூப் இன்னும் சில வாட்டுகளைக் காக்கும். அதில் ஒரே இரவில் காற்று இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் அடிக்கவேண்டும்.

சங்கிலியை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்துக் கழுவி, முழுவதும் உலர்த்தி, உருக்கிய மெழுகில் இட்டு எடுத்தால் அது கறுக்காது, மண்ணை ஒட்டவைக்காது. எரியும் அடுப்புக்கு அருகில் கழுவும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மெழுகை நேரடித் தீயில் காட்டாமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் உருக்குங்கள்.

கியரைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. முன்னால் 50 பற்களும் பின்னால் 11 பற்களும் உள்ள சாதாரண அமைப்பில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 51 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தொடக்க நிலையில் இதைவிடப் பெரிய பல்சக்கரத்தைத் தேடுவது வீண். கியரை மாற்றக் கையை ஏரோ பாரிலிருந்து எடுக்கவேண்டியிருப்பது ஒரு குறைதான். அதன் நுனியில் பொருத்தும் கியர் மாற்றியைப் பிறகு வாங்கும்போது, உங்கள் பின் டெரெய்லரின் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் பொறி) பல்சக்கர எண்ணிக்கைக்கும் அதே தயாரிப்பாளரின் அதே தலைமுறைக்கும் அது பொருந்துகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். படிப்படியாகச் சொடுக்காமல் வழுக்கி நகரும் முறையும் உள்ள மாற்றியை வாங்கினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேபிள் முன்பைவிட நீளமாகத் தேவைப்படும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

உடையும் தலைக்கவசமும், அதன் பிறகே சக்கரம்

காற்றில் படபடக்கும் சட்டை, நல்ல சக்கரம் தரும் பலனை விழுங்கிவிடும். தோள்களிலும் கைகளிலும் சுருக்கம் விழாத, உடலோடு ஒட்டிய ஒரே துண்டு உடை சக்கரத்துக்கு முன் வரவேண்டியது. தலைக்கவசத்தை மட்டும் பயன்படுத்திய நிலையில் வாங்காதீர்கள். அது ஒருமுறை அடிபட்டிருந்தாலும் வெளியே தெரியாது, காக்கும் திறனோ போயிருக்கும்.

சக்கரத்தில் மலிவான வழி, இருக்கும் பின் சக்கரத்தின் ஸ்போக்குகளை மறைக்கும் தட்டையான மூடி. சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றும் போட்டிகளில் இத்தகைய மூடிகளுக்கு இடமில்லை. வேறு சில அமைப்புகள் அனுமதிக்கின்றன. ஆகவே போட்டி நடத்துபவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். இருக்கையின் முன்பின் அளவுக்கும் ஏரோ பாரின் நீளத்துக்கும்கூட வரம்புகள் இருக்கலாம் என்பதால், அதே கேள்வியில் அவற்றையும் கேட்டுவிடலாம். முன் சக்கரத்தை ஒருபோதும் மூடாதீர்கள். பக்கக் காற்று அடித்தால் கைப்பிடியையே பிடுங்கிவிடும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோ எடையைக் குறைத்தால் மிச்சமாவது ஏறத்தாழ அரை வாட். எடை குறைந்த பாகங்களுக்காகப் பணம் செலவிட நினைக்கும்போதெல்லாம் இந்த எண்ணை நினைவில் கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

திறன் அளவி இல்லாமலும் சோதிக்கலாம். வாகன நடமாட்டம் இல்லாத, காற்று அடங்கிய அதிகாலையில், ஒரு மென்சரிவின் உச்சியிலிருந்து மிதிக்காமல் இறங்குங்கள். கீழே குறித்த கம்பத்தைக் கடக்கும்போது உள்ள வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிலை, புதிய நிலை, மீண்டும் பழைய நிலை என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்யவேண்டும். கடைசியில் வரும் பழைய நிலையின் எண் முதலில் வந்ததோடு ஒத்துப்போகவில்லையென்றால், காற்று மாறியிருக்கிறது. அன்றைய முடிவுகளைத் தள்ளிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

ஏரோ பாரைப் பிடித்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. இந்த ஒன்றை மறந்ததால் விழுந்தவர்கள் உண்டு. கூட்டமாகச் செல்லும்போதும், திருப்பத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும் கைகள் கீழ்க்கைப்பிடியில் பிரேக்கின் மேலேயே இருக்கவேண்டும். எடை முன்னே வந்திருப்பதால் கைப்பிடி முன்பைவிடப் படபடப்பாக உணரப்படும். வெற்று மைதானத்தில், ஒரு கையை எடுத்துத் தண்ணீர் குடித்து மீண்டும் ஏரோ பாரைப் பற்றும் வரை நேர்கோட்டில் செல்லப் பழகிய பிறகே சாலைக்கு வாருங்கள்.

போட்டிக்கு முந்தைய இரவு, அந்த வெள்ளை மார்க்கர் கோடுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு உடையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் குனிந்து உட்காரும் நிலையிலேயே இருந்து, முதுகில் எண் அட்டையை வேறொருவரைக் கொண்டு குத்தச் சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது குத்திய அட்டை, குனிந்தவுடன் கப்பற்பாய்போல உப்பிவிடும். நான்கு மூலைகளோடு நிறுத்தாமல், விளிம்புகளின் நடுவிலும் ஒவ்வோர் ஊசி குத்தினால் அது முதுகோடு படிந்து கிடக்கும்.